புரட்டாசியில் முட்டை

புரட்டாசி 9, வியாழன்

காலையிலிருந்து தூறல். சிப்காட் ரோடு முழுக்கச் சேறு. சுமதியைத் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வந்தேன். ஸ்கூட்டியில் விழுந்து உடைந்த தாடை கூடிவிட்டது. தாடையைக் கட்டியிருந்த கம்பியை எடுத்துவிட்டார்கள். அப்பாடா.

ஆனால் டாக்டர் விடவில்லை. "கஞ்சி போதும். இனிமே மென்னு சாப்பிடணும், இல்லன்னா தாடை இறுகிடும். காலையில ஸ்க்ராம்பிள்டு எக் குடுங்க." பொடிமாஸ்தானே, இது ஒரு பெரிய விஷயமா என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

சு. ரொம்ப இளைத்துவிட்டாள். வளையல் முழங்கை வரை ஏறுகிறது. சாப்பாடு என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அதுதான் பயம்.

இன்னொரு சிக்கல், அம்மா. புரட்டாசியில் எங்கள் வீட்டுக்குள் முட்டை வராது. அதுவும் இந்த வருஷம் மருமகளுக்காகவே வேண்டிக்கொண்டு விரதம்.

வாங்க வேண்டியது: முட்டை 6, வெண்ணெய், பிரெட், உருளை.

வெள்ளி

கம்பெனியில் ஷிப்ட் மாற்றிக்கொடுத்த பாலு நல்லா இருக்கணும். கேட்டதும் "போய் வூட்டப் பாரு" என்றான், அவ்வளவுதான்.

பின்பக்கம் துணி துவைக்கும் கல் மேல் கரண்ட் அடுப்பை வைத்து சமைத்தேன். வெங்காயம், பச்சை மிளகாய், முட்டை. கவுச்சி போக வேண்டுமே என்று நன்றாக வறுத்தேன். உதிரி உதிரியாக, பார்க்க அழகு. சு. ஒரு வாய் வைத்தாள். கண்ணில் தண்ணீர். துப்பிவிட்டாள்.

"மண்ணு மாதிரி கீதுப்பா."

எனக்குச் சுர்ரென்று கோபம், என் மேலேயே. அவளே சைகையில் சொல்லிக் கொடுத்தாள். வெண்ணெய். கொஞ்சம் பால். தீ கம்மி. கிண்டிக்கொண்டே இரு. ஈரமாக இருக்கும்போதே இறக்கு. சரி, மறுபடி போடுகிறேன் என்று எழுந்தேன்.

அந்த நேரம் பார்த்து அம்மா துணி எடுக்க வந்தாள். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சு. பார்த்துவிட்டாள்.

"வாணாம். அத்தை எனக்காவத்தான் வெரதம் கீறாங்க. மாசம் முடியட்டும்."

எவ்வளவு கெஞ்சியும் கேட்கவில்லை. மறுபடி கஞ்சி. அதிலும் பாதி சிங்க்கில். மாசம் முடிய இன்னும் எவ்வளவு நாள் கிடக்கிறது. தூக்கமே வரவில்லை.

சனி

மழை விட்டது. இன்று பெருமாளுக்குத் தளிகை. அம்மா விடிவதற்குள் தலைக்குக் குளித்து, நாமம் போட்டு, வாழை இலை கழுவி வைத்திருந்தாள். நான் கஞ்சிக்கு நொய் எடுத்தேன்.

"அத்தக் கீழ வையி. சிங்க்குல கொட்டுனது போதும். அந்த முட்ட எங்க?"

"வாணாம்மா. இன்னிக்கித் தளிகை. அவளும் துன்ன மாட்டா."

"யாரு துன்ன மாட்டா? நான் குடுத்தா துன்னுவா. எடுடா."

வீட்டு அடுப்பு. வீட்டு வாணலி. அம்மாவே உடைத்தாள். ஓடு உள்ளே விழுந்தது, நான் எடுத்துப் போட்டேன். நான் சொல்லச் சொல்லக் கிண்டினாள். "இன்னாடா இது, வேவவே இல்லியே" என்று முணுமுணுப்பு வேறு. பிடுங்காத குறையாக இறக்கினேன்.

தட்டில் மஞ்சளாக, தளதளவென்று முட்டை. பக்கத்தில் மசித்த உருளை, மிளகுத்தூள், ஓரம் வெட்டி வெண்ணெய் தடவிய பிரெட். சு. அம்மாவையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அத்தை, பெருமாளு..."

"அவருகிட்ட நான் பேசிக்கிறேன். நீ வாயத் தொற."

அம்மாதான் ஊட்டினாள். சு. மென்றாள். மெதுவாக, வலியோடு, ஆனால் மென்றாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, சட்டியைக் கழுவப் போய்விட்டேன். இந்த இரண்டு பேரையும் எனக்குக் கொடுத்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது? எல்லாருக்கும் சொல்லிவிடுகிறேன்.

அம்மா மறுபடி குளித்து, சமையலறையைக் கழுவிவிட்டு, மதியம் தளிகை போட்டாள். கோவிந்தா சத்தம் வழக்கத்தைவிடப் பெரிசு.

சாயங்காலம் கடைக்குக் கிளம்பினேன். உள்ளேயிருந்து அம்மா குரல்:

"முட்ட தீந்துபோச்சிடா. ஒரே அட்டையா முப்பது வாங்கினு வா."