பில்டு ஃபோல்டரில் எழுதியது

ஜூன் 2, திங்கள்
சாஃப்ட்வேர் கம்பெனியில் முதல் நாள். ஃபோல்டரைத் திறந்தால் அதற்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று. பக்கத்து இருக்கை அக்கா எது எதற்கென்று கடகடவென்று சொல்லிக்கொண்டே திறந்து காட்டினார்: சோர்ஸ், பில்டு, டெஸ்ட். "புரிஞ்சுதாம்மா?" தலையை ஆட்டினேன். கல்லூரியிலும் இப்படித்தான் ஆட்டினேன்.

இணையதளத்தின் பதிவுப் பக்கம் என் பொறுப்பு. அது ஒழுங்காக வந்தால்தான் வேலை நிரந்தரம். ஒரே பெயரில் சோர்ஸில் ஒரு கோப்பு, பில்டில் ஒன்று. பில்டில் உள்ளதைத் திருத்தினேன். திரையில் உடனே மாறியது. அப்போ இதுதான்.

ஜூன் 5, வியாழன்
மாலையில் அக்கா, "கொஞ்சம் நகரு, எல்லாரோட வேலையையும் இறக்கி, ப்ரோக்ராமை ஒரு தடவை ஓட்டி விடறேன்" என்று என் கீபோர்டை இழுத்துக்கொண்டார். அவர் போனபின் பார்த்தால் என் திருத்தம் ஒன்றுகூட இல்லை. நான்தான் சேமிக்காமல் விட்டேனோ?

ஜூன் 9, திங்கள்
மறுபடியும். அக்கா தொட்டார், போய்விட்டது. நான் நிரந்தரமானால் அவருக்கு என்ன நஷ்டம்?

"வாயத் திறந்து கேளேன்டி, முழுங்கிடுவாங்களா?" என்றாள் அம்மா. கேட்டால், இதுகூடத் தெரியாதா என்பார்களே. எங்கள் வீட்டில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்?

ஜூன் 10, செவ்வாய்
எழுந்து போகும்போதெல்லாம் திரையைப் பூட்டுகிறேன்.

ஜூன் 12, வியாழன்
அக்கா நாற்காலியோடு உருண்டு வந்தார். "நானே பாத்துக்கறேன்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"ஏம்மா, நான் என்ன கடிச்சா வெச்சுட்டேன்?" சிரித்தபடிதான் கேட்டார். நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சரிங்க மேடம்." நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

ஜூன் 19, வியாழன்
அவரும் வருவதில்லை, திருத்தங்களும் அழிவதில்லை. நான் நினைத்தது சரிதான்.

ஜூன் 20, வெள்ளி
மாடியில் உள்ள குழுவுக்கு ஆள் கேட்டார்களாம். அக்கா தானாகவே கை தூக்கினாராம். முதுகுக்கு வைக்கும் தலையணையை இடுக்கிக்கொண்டு, "வரேன்மா" என்றார். தலையை ஆட்டினேன்.

ஜூன் 23, திங்கள்
டீம் லீடிடம் காட்டும் நாள். அதற்குமுன் முதல்முறையாக நானே ப்ரோக்ராமை ஓட்டினேன். எல்லாம் போய்விட்டது. பக்கத்தில் ஒருவரும் இல்லை!

லீட் எட்டிப் பார்த்தார். "பில்டுலயா எழுதின? ஓட்டுறப்பல்லாம் சிஸ்டமே அதைச் சுத்தமா துடைச்சிட்டு, சோர்ஸ்லேர்ந்து புதுசா செய்யும்மா. யாரும் சொல்லலையா?"

சொன்னார். நான்தான் தலையை ஆட்டினேன். அய்யோ, அந்த மனுஷியப் போயி நான்—

ஒரு வாரம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்.

ஜூலை 4, வெள்ளி
வேலை நிரந்தரம். அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

மாடிக்குப் போனேன். படியேறும்போதே வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். அக்கா யாரோ ஒரு புதுப்பெண்ணின் கீபோர்டை இழுத்து வைத்து, "இங்க எழுதாத, இது பில்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"என்ன மேடம், ஏதாவது வேணுமா?"

"ஒண்ணுமில்லக்கா."

ஜூலை 8, செவ்வாய்
இப்போதெல்லாம் திரையைப் பூட்டுவதில்லை. காலையில் எப்படி விட்டேனோ, மாலையில் அப்படியே இருக்கிறது.