கிடை மாறிய ராத்திரி

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் சரி, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். படிக்காமல் மூடிவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒருத்தரிடமும் காட்டிவிடாதீர்கள்.

மாரிசெல்வி அக்கா இன்று கோவில்பட்டிக்குப் படம் பார்க்கப் போனாள், டெனிஸ் அண்ணனோடு. இரண்டு பேருக்கும் ஒரே மில்லில் வேலை. அவர் வீடு காலனியில், சர்ச்சுக்குப் பின்னால். நாங்கள் ஆடு வைத்திருக்கிறவர்கள். எங்கள் தெருவில் காலனி ஆட்களுக்குத் தண்ணீர்கூடத் தனி டம்ளரில்தான். படமும் அதே கதைதானாம், வேறு சாதிப் பையனோடு ஓடிப்போகிற பெண். "நான் தேம்பித் தேம்பி அழுதுக்கிட்டு இருக்கேன், இவன் ரெண்டு பாக்கெட் கடலைமிட்டாயைத் தின்னு தீர்த்துட்டான்ட்டி" என்று சிரித்தாள்.

இடைவேளையில் சித்தப்பா மகன் ஜெயபாண்டி பார்த்துவிட்டானாம்.

ஆகஸ்ட் 18

ஜெயபாண்டி முற்றத்தில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கேட்டான்: "ஏட்டி மாரி, டிக்கெட்டு காலனிக்காரன் எடுத்தானா, நீ எடுத்தியா?"

"நீயும் பக்கத்துல வந்து உக்காந்திருக்கலாம்லா, உனக்கும் சேர்த்து எடுத்திருப்போம்" என்றாள் அக்கா. அம்மா அவள் வாயிலேயே அடித்தாள்.

அப்பா மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டார். அதுதான் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 20

அக்காவை மில்லுக்கு விடவில்லை. போனைப் பிடுங்கிவிட்டார்கள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

டெனிஸ் அண்ணனின் தங்கை ஜீனா என் வகுப்புதான். அவள் மூலமாகத்தான் சேதி. நாளை விடியற்காலம் நாலரை பஸ்ஸுக்கு மெயின்ரோட்டில் அவர் நிற்பாராம்.

அப்பா, சித்தப்பா, ஜெயபாண்டி மூன்று பேரும் ராத்திரி புஞ்சையில் ஆடுகளை மடக்கிப்போடுகிற கிடையில்தான் காவலுக்குப் படுப்பார்கள். "கிடை எங்கன போட்டிருக்காவட்டி?" என்று அக்கா கேட்டாள். அழகிரிசாமி அண்ணாச்சி புஞ்சையில், ஓடைக்கு அந்தப் பக்கம் என்று சொன்னேன். மெயின்ரோட்டுக்கு நேர் எதிர்த்திசை. அக்கா என் கையைப் பிடித்து வைத்துக்கொண்டே இருந்தாள்.

வெளியே நல்ல மழை. நல்லதுதான். கதவு திறக்கிற சத்தம் கேட்காது.

ஆகஸ்ட் 23

மழை பெய்தால் கரிசலில் கிடை போடமாட்டார்கள். சேறு குளம்பில் அப்பி ஆடு நொண்டும். தண்ணீர் தங்காத சரள்மேட்டுக்கு மாற்றிவிடுவார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். எனக்கு ஏன் தோணல? ஏன்? சரள்மேடு மெயின்ரோட்டுக்குப் போற பாதைலதான இருக்கு.

ஜெயபாண்டி சொல்கிறான்: "கிடைநாய் குரைக்கவே இல்ல. வாலாட்டிக்கிட்டு ஓடுச்சு. வாரது நம்ம வீட்டு ஆளுதான்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவள் நடந்து வரவில்லை.

ஆகஸ்ட் 25

வயிற்றுவலி தாங்காமல் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டாளாம். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் எரித்துவிட்டார்கள். ஊரில் ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை.

டெனிஸ் அண்ணன் ஸ்டேஷனில் புகார் கொடுத்திருக்கிறார். நாளைக்கு போலீஸ் வருமாம். "ரெண்டு வருசமாவே வயித்துவலின்னு சொல்லணும். அழுதுக்கிட்டே சொல்லு, என்னா?" சித்தப்பா மூன்று தடவை என்னைச் சொல்லவைத்துப் பார்த்தார். அம்மா தலையைத் தூக்கவேயில்லை.

அக்கா கழுத்தில் கயிறு இறுகின தடம் இருந்தது. குளிப்பாட்டும்போது மஞ்சளை அப்பி மறைத்தார்கள். நான் பார்த்தேன். நாளைக்கு அதைத்தான் சொல்லப்போறேன். சொன்னா என்னைய அப்பா —

கதவைத் தட்டுகிறார்கள். தட்டுவது அம்மா இல்லை. அம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் தட்டுவாள். லைட்டை