பார்க்கச் சொன்னால் பார்க் போனோம்

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் கண் உட்பட. அங்கே நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்பி மேலே போகிறேன். சொட்டுமருந்து விட்டதில் எழுத்தெல்லாம் எறும்பாக ஓடுகிறது, அதனால்தான் பேனா இவள் கைக்குப் போயிற்று. (அழகான தங்கை என்று சொல்ல அப்பா மறந்துவிட்டார் அக்கா, நான் சேர்த்துக்கொள்கிறேன்.)

விழித்திரைக் கிழிசலுக்கு லேசர் வைத்தபின் இன்றுதான் முக்கியமான பரிசோதனை. டாக்டர் சரி என்றால் மறுபடி பஸ் ஓட்டலாம், இல்லையென்றால் டிப்போவில் நாற்காலி வேலை என்று மேனேஜர் சொல்லியிருந்தாரே, அது உனக்குத் தெரியும். நர்ஸ் மருந்து விட்டு, "கண்ணை மூடிட்டு உட்காருங்க, கொஞ்ச நேரத்துல பார்க்கப் போலாம்" என்றார். உன் அம்மா காதில் அது "பார்க் போலாம்" என்று விழுந்தது. என்ன அருமையான ஆஸ்பத்திரி என்று புகழ்ந்துகொண்டே என் கையைப் பிடித்து எதிர்ப் பூங்காவுக்குக் கூட்டிப்போய்விட்டாள். அங்கே பெஞ்செல்லாம் ஈரம், அதனால் அடுத்த தெருப் பூங்கா. நான் கண்ணைத் திறக்கவே இல்லை. உன் தங்கை "படி இருக்குப்பா, காலைத் தூக்கி வைங்க" என்பாள், நானும் தூக்கித் தூக்கி வைத்தேன். எல்லாம் வெறும் தரையாம். நடக்க வந்த ஒருவர் இது எந்த வகை உடற்பயிற்சி என்று அம்மாவிடம் விசாரித்தாராம். பிறகு புல்லில் கால் நீட்டி, பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருக்கும்போது நர்ஸ் போன் செய்து, "எங்க இருக்கீங்க, கூப்பிட்டுக் கூப்பிட்டு வாய் வலிக்குது" என்றார். "நீங்க சொன்ன பார்க்லதான்" என்றாள் அம்மா பெருமையாக. அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

அடித்துப் பிடித்துத் திரும்பினோம். டாக்டர் விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார். என் வலது கால் தானாகத் தரையில் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருந்தது, அம்மா அதன்மேல் தன் காலை வைத்துக்கொண்டாள். கடைசியில் அவர் நிமிர்ந்து, "நல்லா ஒட்டிடுச்சு" என்றார். எனக்கும் அம்மாவின் காது வந்துவிட்டது போல, "ஓட்டிடலாமா டாக்டர்" என்று கேட்டுவிட்டேன். "ஒட்டினது கண்ணு. ஓட்டுறது அடுத்த மாசம்" என்றார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், சின்னவள் வாயடைத்து நின்றாள், அது எவ்வளவு அபூர்வம் என்று உனக்கே தெரியும்.

நீயும் கம்ப்யூட்டரையே வெறிக்காமல் கண்ணைக் காட்டிக்கொள், சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. எடுத்த வேலை எல்லாம் நல்லபடியாக முடியட்டும், மனம் நிறைந்து வாழ்த்துகிறேன். லீவுக்கு வரும் நாளை முன்பே சொல்லு, அந்த ட்ரிப்பைக் கேட்டு வாங்கி நானே உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறேன். டிக்கெட் மட்டும் எடுத்துவிடு.

இப்படிக்கு,
பஸ் ஓட்டப்போகும் உன் அப்பா