நாக்கை நீட்டச் சொன்ன அப்பாவுக்கு

அப்பா,

உங்கள் முதலாண்டு நினைவுநாளுக்குப் பத்திரிகையில் போட ஏதாவது எழுதித் தரும்படி தம்பி கேட்டான். "அன்புள்ள அப்பாவுக்குன்னு ஆரம்பிச்சா நல்லா இருக்கும்லா, அக்கா" என்றான். அந்தச் சொல் எனக்கு வரவில்லை. செத்தவர்களைத் திட்டக் கூடாதாம். உயிரோடு இருந்தபோது திட்ட விட்டீர்களா?

செண்டுடுக் பழம் நினைவிருக்கிறதா? மலாயாவில், பகாவ் பக்கம் நம் தோட்டத்தில், ரப்பர் மரங்கள் முடிகிற இடத்தில் ஊதாப் பூவோடு புதராக மண்டிக் கிடக்குமே. தின்றால் நாக்கு கருநீலமாகிவிடும். கூலியாட்களை மேய்க்கும் மண்டோர் வேலை முடிந்து வரும்போது எனக்கு வேட்டி மடிப்பில் பறித்து வருவீர்கள். "நாக்க நீட்டு பாப்போம்" என்று சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் வளர்ந்தேன்.

ஜப்பான்காரன் லாரி சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க வந்தபோது, என் வீட்டுக்காரரும் தம்பியும் அந்தப் புதருக்குள்தான் ஒளிந்தார்கள். பசிக்கு அந்தப் பழம்தான் இருந்தது. லாரி போய்விட்டது என்று நம்பி, அரிசிக்காகக் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் வந்து வரிசையாக நின்றார்கள். லாரி ஆபீசுக்குப் பின்னால் நின்றிருந்தது.

ஒளிந்தவன் எவன் என்று சிப்பாய் உங்களைக் கேட்டான். பழத்தைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? உங்களுக்குத் தெரியும்.

"எல்லாரும் நாக்க நீட்டுங்கடா."

நானும் ரப்பர் பால்வாளியோடு அங்கேதான் நின்றேன். தம்பி நீட்டினான். கருநீலம். "இவன் வெத்தல போட்டிருக்கான்" என்று அவன் வாயைப் பொத்தித் தள்ளிவிட்டீர்கள். வெற்றிலைக்கு நாக்கு சிவக்கும் என்பது தோட்டத்துக்கே தெரியும். அடுத்து நின்றவர் என் வீட்டுக்காரர். அதே பொய்யை இன்னொரு முறை சொன்னால் என்ன குறைந்திருக்கும்? "மாமா" என்று கூப்பிட்டார். நீங்கள் சிப்பாயிடம் அவரைப் பார்த்துக் கையைக் காட்டினீர்கள்.

சயாமிலிருந்து திரும்பியவர்கள் யாருக்கும் அவரைப் பற்றித் தெரியவில்லை. நீங்களோ பேரப்பிள்ளைகள் சூழக் கட்டிலில் படுத்து நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தீர்கள். எனக்கு வயிறு எரிகிறது.

இப்போது உங்கள் சமாதியைச் சுற்றி செண்டுடுக் முளைத்திருக்கிறது. "வெட்டிப் போட்டுறலாம்க்கா" என்கிறான் தம்பி. பாராங்கத்தியை அவன் கையிலிருந்து பிடுங்கி வைத்துக்கொண்டேன். ஒரு செடியைக்கூட தொட விடமாட்டேன். விளக்கை அவன் ஏற்றட்டும். நான் வருஷா வருஷம் வருவேன். அந்தப் பழத்தைத் தின்றுவிட்டு, உங்கள் தலைமாட்டில் நின்று நாக்கை நீட்டுவேன்.

நன்றாகப் பாருங்கள், அப்பா. இப்போது கையைக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
மாணிக்கத்தின் மனைவி
அஞ்சலை