கயிறு இறுகியதா?

ஹாதர்சேஜ்,
ஜனவரி 19

அன்புள்ள நார்மனுக்கு,

முதலில் ஒரு திருத்தம். போன அக்டோபரில் நான் ஹார்க்கர் எட்ஜ் பாறையில் ‘மதர் சுப்பீரியர்’ என்ற ஏறுவழியில் ஏறப் போய் நடுவில் மாட்டிக்கொண்டதாகவும், மீட்புக் குழு வந்து என்னைக் கீழே இறக்கியதாகவும் உன் தங்கை ஆக்னஸ் கனடாவுக்கு எழுதியிருப்பாள். ஊரில் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறாள். மீட்புக் குழுவினர் அன்று அங்கே இருந்தது உண்மை. அவர்களுடைய மாதப் பயிற்சி நாள் அது. நான் என் காலாலேயே இறங்கி வந்த பிறகு, என் பிளாஸ்க்கில் இருந்த தேநீரை அவர்கள் குடித்தார்கள். மீட்கப்பட்டது அவர்கள்தான். அவர்களில் தாடி வைத்த ஒருவர், “எண்பது வயசுல இதெல்லாம் தேவையாம்மா?” என்றார். எழுபத்தொன்பது என்று சொன்னேன்.

என் கென் காலமாகி, வருகிற ஈஸ்டரோடு ஒரு வருடம் ஆகிறது. நீ அனுப்பிய இரங்கல் அட்டை கிடைத்தது. பதில் எழுதாதது என் தவறு. முழங்கால் பரவாயில்லை. கூரையில் இரண்டு பலகை மாற்ற வேண்டும். தேவாலயத்துக்கு வந்திருக்கும் புதிய பாதிரியார் கிடார் வாசிக்கிறார். அதைப் பற்றி நான் எதுவும் சொல்வதாக இல்லை.

நான் ஏன் ஏறினேன் என்பதற்கு வருகிறேன். பாறை ஏறுவோருக்கான கையேட்டைப் புதிதாகப் பதிப்பிக்கிறார்கள். பதிப்பாசிரியர் கெரிஸ் என்ற பெண். முப்பது வயதிருக்கும், விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருக்கிறது. அதிகம் புகழ மாட்டேன். ஒழுங்காகக் கடிதம் எழுதத் தெரிந்தவள், அது போதும். கென் மருத்துவமனையில் இருந்தபோது அவளை வரச்சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியாது. “மதர் சுப்பீரியர்ல மொதல்ல ஏறினது நான் இல்லம்மா. என் பெண்டாட்டி. அறுபது வருஷமா அவளுக்கு வர வேண்டிய பேரை, அவ கோட்டு மாதிரி மாட்டிக்கிட்டு நான் சுத்திட்டு இருக்கேன்” என்று சொல்லியிருக்கிறார். இப்போது கெரிஸ், கென்னின் பெயரை அடித்துவிட்டு ‘ஃபிலோமினா ஹீத்கோட், 1965’ என்று அச்சிடப் போகிறாள். ஊரில் கதை இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. கென் என் பெயரைத் திருடினார் என்கிறார்கள்.

அவர் திருடவில்லை. உனக்குத் தெரியும். அந்நாளில் பாறை ஏறுவோர் மன்றத்தின் ஏட்டில் உறுப்பினர் ஏறியதை மட்டும்தான் எழுதலாம். பெண்கள் உறுப்பினராக முடியாது. ‘கெ. ஹீத்கோட், துணைக்கு ஒருவர்’ என்று எழுதிவிட்டு அவர் என்னிடம் வந்து, “எழுதலேன்னா இப்படி ஒரு வழி இருக்கறதே யாருக்கும் தெரியாமப் போயிடும், ஃபில். விதியை மாத்தினதும் ஒம்பேரைப் போட்டுடறேன்” என்றார். விதியை மாற்றினார்கள். அவர் பேனாவை எடுத்தார். விட்டுவிடுங்கள் என்று நான்தான் சொன்னேன். என்ன பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டார். அது பெரிய மனசு இல்லை, நார்மன்.

அந்த ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமையை நீ மறந்திருக்க மாட்டாய். கீழே இருபத்தைந்து அடி விரிசல். அதன் முடிவில் இடுக்கில் சிக்கி நிற்கும் கல். அதற்கு மேல் சிம்னி, அதாவது இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஆள் நுழையும் பிளவு. முதுகை ஒரு சுவரிலும் காலை எதிர்ச்சுவரிலும் ஊன்றித்தான் நகர வேண்டும். கென் விரிசலை ஏறி, கல்லில் கயிற்று வளையத்தை மாட்டிக் கொக்கியைப் போட்டுவிட்டார். ஆனால் சிம்னிக்குள் அவர் மார்பு நுழையவில்லை. இறங்கி வந்து, “நாலு விலா எலும்பைக் கழட்டி வச்சாத்தான் உள்ளே போக முடியும்” என்றார். “எலும்பு எதுக்கு? காலையில தின்ன ரெண்டு பன்றிக்கறி பஃப்ஸைக் கழட்டி வை, போதும்” என்றாய் நீ. பிறகு அவர் மேலிருந்து பார்க்கப் பாதை வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். அந்தக் கொக்கி வழியாக வரும் கயிற்றை நான் கட்டிக்கொண்டேன். மறுமுனையை நீ கீழே நின்று பிடித்தாய்.

கல்லைத் தாண்டி, கொக்கி என் இடுப்பு மட்டத்தில் இருந்தபோது, இடது கால் வழுக்கியது. ஒரு சாண் இறங்கினேன். பிறகு நின்றுவிட்டேன். என் வலது கை முட்டி உள்ளே விரிசலில் இறுகியிருந்தது. அதே கணத்தில் இடுப்பில் கயிறும் அழுத்தியது போல இருந்தது. எது என்னை நிறுத்தியது என்று எனக்குத் தெரியவில்லை. நீ கீழிருந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் குனிந்து பார்க்கவில்லை. மேலே ஏறிப் போய்விட்டேன். கென் என்னைத் தூக்கிச் சுற்றினார். கன்னியர் மடத்துத் தலைவியின் பெயரை வைத்தேன்: குறுகல், குளிர், தவறுக்கு மன்னிப்பு கிடையாது. எல்லோரும் சிரித்தோம்.

கயிறு உடம்பைத் தாங்கினால் அது ஏறியதாகக் கணக்கில்லை. இறங்கி, தரையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அன்று நான் இறங்கவில்லை. கென்னிடம் வழுக்கியதைச் சொல்லவுமில்லை. அன்று மாலை சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு, கல்யாணத்துக்கு அப்புறம் என்று தள்ளிப்போட்டேன். ஒருவேளை எனக்கு உரிமையே இல்லாத ஒன்றை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதாக நினைத்து, அந்த மனிதர் ஐம்பத்தொன்பது வருடம் குன்றிப்போய் இருந்திருக்கிறார். கடைசிப் படுக்கையில் அந்நியப் பெண் ஒருத்தியிடம் அதை ஒப்புக்கொண்டார். நான் பக்கத்து அறையில் பூச்சாடிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் அக்டோபரில் போனேன். கெரிஸ் மேலிருந்து கயிறு பிடித்தாள். கயிற்றைத் தளர்வாக விடச் சொன்னேன். “தளர்வாத்தான் இருக்கு, மிஸஸ் ஹீத்கோட். நீங்க நிமிந்து நிமிந்து கயித்தைப் பாக்கறதுலதான் பாதி நேரம் போகுது” என்றாள். கல் வரை ஏறினேன். சிம்னிக்குள் வலது கையை விட்டு முட்டியை மடக்கினேன். இறுகவில்லை. இறுகியிருக்கக்கூடிய இடம்தான், ஆனால் இப்போது என் கையில் சதை இல்லை. பாறை எனக்குப் பதில் சொல்லவில்லை. இறங்கிவிட்டேன்.

மிச்சம் இருப்பது நீ ஒருவன்தான். கயிறு உன் இடுப்பைச் சுற்றித்தான் இருந்தது. என் பாரம் வந்ததா இல்லையா என்று உன் உடம்புக்குத் தெரியும். நான் வழுக்குவதற்கு முன்பே, பயந்துபோய், கேட்காமலே கயிற்றை இழுத்துப் பிடித்தாயா என்பதும் உனக்குத் தெரியும். உனக்கு அந்தப் பழக்கம் இருந்தது. நான் ஏறும்போது மட்டும்தான் நீ அப்படிச் செய்வாய் என்று கென் ஒருமுறை வேடிக்கையாகச் சொன்னார்.

இன்னொன்று. நான் ஏறிய அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு வாரத்துக்குப் பிறகு, ஒரு புதன்கிழமை மாலை, நான் சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு நின்றிருந்தேன். நீ ஆக்னஸின் கணவரைக் கயிறு பிடிக்க வைத்து மதர் சுப்பீரியரில் ஏறினாய். வழுக்கவில்லை, ஒரு இடத்திலும் நிற்கவில்லை. ஏட்டில் அதை நீ எழுதவில்லை. அந்த வருட அக்டோபரிலேயே கனடாவுக்குக் கப்பல் ஏறிவிட்டாய். ஏன் எழுதவில்லை என்று இப்போது நான் கேட்கவில்லை. ஆனால் அன்று கயிறு என்னைத் தாங்கியிருந்தால், கையேட்டில் வர வேண்டிய பெயர் என்னுடையதும் இல்லை, கென்னுடையதும் இல்லை. உன்னுடையது. அதை என் கையாலேயே கெரிஸுக்கு எழுதிக் கொடுப்பேன். பிறகு கென்னின் கல்லறைக்குப் போய், நீங்கள் எதையும் எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டு வருவேன்.

உன் இருமல் குறைந்ததா? கால்கரிக் குளிரில் தொப்பி போடாமல் திரியாதே. கர்த்தர் உன்னைக் காக்கட்டும்.

கையேடு மார்ச் முதல் வாரம் அச்சுக்குப் போகிறது. தொலைபேசியில் அழைக்காதே, உன் குரலைக் கேட்டால் நீ சொல்வதையெல்லாம் நம்பிவிடுவேன். இரக்கப்பட்டும் எழுதாதே. கயிறு இறுகியதா, இல்லையா, இறுகியது என்றால் இழுத்தது என் பாரமா, உன் கையா என்று உன் கையெழுத்தில் எழுதி, தேதியிட்டு, தபாலில் அனுப்பு.

இப்படிக்கு,
ஃபிலோமினா ஹீத்கோட்