அத்தையை ‘மற்றவை’யில் போட்டது

அன்புள்ள சின்னவனுக்கு,

நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருப்பாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். உடம்புக்குத்தான் ஒன்றும் இல்லை, மனசைப் பற்றிக் கேட்காதே, அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். அம்மா ஏன் போன் பண்ணாமல் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் என்ன சொன்னாலும் "சரிம்மா, போட்டுடறேன்" என்கிறாய், பேசிவிட்டு வைப்பதற்குள் என் போன் டிங் என்கிறது, திறந்து பார்த்தால் நான் புலம்பியது ஒரு டாஸ்க்காக வந்து நிற்கிறது, பக்கத்தில் என் போட்டோ, கீழே கெடு தேதி. முதுகு வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னதற்கு "அம்மா முதுகு – டாக்டர்" என்று மஞ்சள் கட்டம் போட்டாயே, நான் டாக்டரா கேட்டேன்? "ஐயோ, ரொம்ப வலிக்குதாம்மா"ன்னு நீ ஒரு தடவை கேட்டிருந்தால் பாதி வலி போயிருக்கும். அதனால்தான் காகிதம். முழுசாகப் படி.

வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னபோது நாங்கள் எல்லாரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தோம், நீதான் கவலையே படாதீங்க, எல்லாத்தையும் ஒரு ப்ராஜெக்ட்டா போட்டுடலாம் என்று உங்கள் ஆபீஸில் வைத்திருக்கிற அந்த ஆப்பை எங்கள் எல்லார் போனிலும் ஏற்றினாய். பொய் சொல்ல மாட்டேன், ஆரம்பத்தில் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. சமையலறை ஒரு தலைப்பு, துணிமணி ஒரு தலைப்பு, தண்ணி கனெக்‌ஷன், கேஸ், பழைய பேப்பர்காரர் என்று வீடு முழுக்கத் துண்டு துண்டாக அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது, யார் எதைச் செய்யணும் என்று சண்டையில்லை. உன் அக்கா இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு முடிந்தபோது ஏதோ செய்தாள். அப்பாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், புத்தக அலமாரியைக் காலி பண்ணணும் என்கிற வேலையை "நடக்கிறது" என்ற பத்தியில் நகர்த்திவிட்டு அலமாரிக்கு எதிரே நாற்காலி போட்டு ஒரு புத்தகத்தை எடுத்துப் படிக்க உட்கார்ந்துவிட்டார். சொன்ன தேதிக்கு முன்னாடியே எல்லாவற்றையும் முடித்தவர், இத்தனை வருஷமாக நம்மோடேயே இருக்கிற அத்தை ஒருத்தர்தான். ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கையே கட்டி ஆண்டவருக்கு இது என்ன பெரிய விஷயமா? நீயும் அதைப் பார்த்துவிட்டு, அத்தைதான் நமக்கு அட்மின் என்று மெசேஜ் போட்டு எல்லாக் கதவையும் அவருக்குத் திறந்துவிட்டாய். திறந்தாயே, உள்ளே நீ என்ன எழுதி வைத்திருந்தாய் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா?

எனக்குத் தெரியாத ஒரு தலைப்பு அதில் இருந்திருக்கிறது, "மற்றவை" என்று. நீயும் அக்காவும் அப்பாவும் மட்டும் பார்க்கிற மாதிரி. ஓடாத உடற்பயிற்சி சைக்கிள், ஸ்பிரிங் போன மெத்தை, அதற்கடுத்து "அத்தை – எங்கே?" அதற்குக் கீழே குட்டி குட்டியாக, அக்கா வீட்டில் சரிப்படுமா, முதியோர் இல்லம் விசாரிக்கணும். அவசரம் என்ற இடத்தில் "குறைவு". அக்கா அதற்கு, இப்போ வேண்டாம்டா, ஷிஃப்டிங் முடியட்டும் என்று பதில் எழுதியிருக்கிறாள். நீயும் அதற்குக் கட்டை விரல் காட்டியிருக்கிறாய். புது ஃபிளாட்டில் இரண்டாவது ரூம் அத்தைக்குத்தான் என்று நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருந்தேன்டா. அதைப் பேசி முடிவு பண்ண வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. சாப்பிட எங்கே உட்காருவோம் என்று யாராவது கூட்டம் போட்டுப் பேசுவார்களா? அந்த ரூமுக்கு நீ "நான் வந்தால் – ஆபீஸ்" என்று பெயர் வைத்து மேஜை ஆர்டர் பண்ணியதெல்லாம் எனக்கு யார் சொன்னார்கள்?

லாரி வந்த அன்று காலையில் அத்தை எல்லாருக்கும் முன்னாடி எழுந்து, குளித்து, தன் ரூமைப் பெருக்கித் துடைத்துவிட்டு, இரண்டு பெட்டியை ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டார். முன்னால் போய்ப் புது வீட்டைத் திறந்து வைக்கத்தான் போகிறார் என்று நான் நினைத்தேன், தண்ணி பாட்டிலை எடுத்துக்கிட்டுப் போங்கண்ணி என்று வாசலில் வைத்துக் கொடுத்துக்கூட அனுப்பினேன். மத்தியானம் புது ஹாலில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில், அத்தை கடைக்கு எங்கேயோ போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு நான் நிற்கிறேன், லாரிக்காரப் பையன் அத்தையின் தையல் மெஷினைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இதை எந்த ரூம்ல இறக்கணும்மா என்று கேட்கிறான், அந்த நேரம் பார்த்து அப்பாவின் போன் டிங். "அத்தை – எங்கே?" என்கிற வேலையை அத்தை தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு "முடிந்தது" என்று போட்டிருந்தார். அதற்கு முதல் ஆளாக நீ "சூப்பர் அத்தை!" என்று எழுதினாய். எந்த வேலை என்றுகூடப் பார்க்காமல், பச்சையாகிவிட்டது என்ற சந்தோஷத்தில். அப்பாவும் தன் பங்குக்கு ஒரு கட்டை விரலை அழுத்திவிட்டு, அதற்கப்புறம்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முகம் வெளுத்துப் போச்சு. என்ன, என்ன என்று நான் பிடுங்கிப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த மற்றவையே தெரியும். ஏங்க, இதை முன்னாடியே பார்த்தீங்களா என்று கேட்டால், அவன் சும்மா குறிச்சு வச்சிருக்கான்னு நெனச்சேன் என்கிறார். சும்மாவாம்!

அத்தை போன் எடுக்கவில்லை. தையல் மெஷினை ஹாலிலேயே இறக்கச் சொல்லிவிட்டுப் பழைய வீட்டுக்கு ஓடினேன், அங்கே ஒன்றுமில்லை, சாவி பக்கத்து வீட்டில் இருந்தது. அத்தையோடு வேலை பார்த்த நர்ஸம்மாவைப் பிடித்தேன், அவர் முதலில் மழுப்பிவிட்டு, நான் அங்கேயே படியில் உட்கார்ந்து அழுததும் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு எதிரே கண்ணாடிக் கடைக்கு மாடியில், வேலைக்குப் போகிற பெண்கள் தங்குகிற விடுதி. போய்ப் பார்த்தால் அத்தை நாற்காலி மேல் ஏறி ஜன்னலுக்குத் திரை மாட்டிக்கொண்டிருக்கிறார். வா, அந்த முனையைப் பிடி என்றார், கல்யாண வீட்டில் வேலை ஏவுகிற மாதிரி. நான் பிடித்தேன், வேறென்ன செய்ய? திரையை மாட்டி முடித்தோம். எனக்கு இது எதுவுமே தெரியாதண்ணி என்றேன். தெரியாதுன்னு எனக்குத் தெரியும், அதான் உன்கிட்ட மூச்சு விடல, சொல்லியிருந்தா நீ அங்கேயே சண்டை பிடிச்சிருப்ப, லாரி வாசல்ல நின்னுக்கிட்டே இருக்கும் என்றார். கோபமா என்று கேட்டேன். கோபமெல்லாம் இல்ல, ஒரு வேலை யார்கிட்டயும் நகராம கெடந்துது, முடிச்சேன் என்றார். அப்புறம் திரையைத் தடவிக்கொண்டே, அவசரம்னாவது போட்டிருக்கலாம் அவன், குறைவுன்னு போட்டுட்டான் என்றார். அவ்வளவுதான். சின்ன வயசில் நீச்சல் வகுப்பு முடிந்து நீ வருகிற வரைக்கும் துண்டை மடியில் வைத்துக்கொண்டு அந்த ஈரப் படியில் உட்கார்ந்திருந்த மனுஷிடா அது. எனக்கு உன் காதைப் பிடித்துத் திருக வேண்டும் போல இருந்தது, காதுதான் இங்கே இல்லையே.

அப்பா போனார். பாவம், கூடப் பிறந்தவளிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், பேசாம வந்துடு என்று ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். காபி போட்டுக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார் அத்தை. அக்கா போனாள், காலைப் பிடிக்காத குறையாக அழுதாள், அவளையும் சமாதானப்படுத்திப் பிள்ளைகளுக்கு பிஸ்கட் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். இந்த ரூமுக்குள்ள என்னை எங்க வைக்கிறதுன்னு யாரும் முழிக்கல, நானே வச்சுக்கிட்டேன், நிம்மதியா இருக்கு என்கிறாராம். உன் மேஜை வந்தது, நான் திருப்பி அனுப்பிவிட்டேன். கேட்காமல் செய்துவிட்டாய் என்று சொல்லாதே, சொல்ல உனக்கு வாயில்லை. அந்த ரூமில் கட்டில் போட்டு, தையல் மெஷினை ஜன்னல் ஓரம் வைத்து, அலமாரியைத் துடைத்துக் காலியாக வைத்திருக்கிறேன். நீ லீவுக்கு வந்தால் ஹாலில் படுத்துக்கொள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட வாங்க என்று நான் கெஞ்சிக் கூப்பிட்டதற்கு வந்தார். காலிங் பெல் அடித்தது, பால்காரர் என்று நினைத்து, கதவு திறந்துதான் இருக்கு என்று உள்ளேயிருந்து கத்தினேன். யாரும் வரவில்லை. போய்ப் பார்த்தால் அத்தை கையில் ஒரு பழப் பை வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார், செருப்பைக்கூடக் கழற்றாமல். நம் வீட்டு வாசலில்டா. உள்ளே வாங்கண்ணி என்று நான் சொன்ன பிறகுதான் காலெடுத்து வைத்தார். கிளம்பும்போது, சமையல் ரொம்ப நல்லா இருந்துது, உனக்குத்தான் சிரமம் என்று சொல்லிவிட்டுப் போனார். விருந்தாளி சொல்கிற மாதிரியே.

நீ நல்லா இருக்கணும், உன் வேலை உயரணும், எங்கே இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது, அதில் எனக்கு எந்த மாற்றமும் இல்லை. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. அத்தைக்குப் போன் பண்ணு, மெசேஜ் வேண்டாம், வாயைத் திறந்து பேசு. சாயங்காலத்தில் அந்த விடுதிப் பெண்களோடு வராந்தாவில் உட்கார்ந்திருப்பார், அப்போது பண்ணு. எடுக்கவில்லை என்றால் திரும்பப் பண்ணு.

உன் மேல் கோபமாகவும் உன் ஞாபகமாகவும் இருக்கிற
அம்மா