ட்ரியருக்கு முதல் ரயில்

அக்கா,

இன்று காலை மைன்ஸ் போகிற ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண் ஒரு டப்பாவைத் திறந்து, அவித்த முட்டையை உரிக்க ஆரம்பித்தாள். அந்த வாசனை எனக்கு ஆகாது என்று உங்களுக்குத் தெரியும். ஜெர்மனிக்கு வந்து ஐம்பது வருடத்துக்கு மேலாகியும் ஆகாது. யாராவது முட்டையை வெளியே எடுத்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு சீட்டு தேடிப் போகிறவள் நான். இன்று எழுந்திருக்கவே தோன்றவில்லை. தூத்துக்குடியிலிருந்து உங்கள் தங்கை மகன் போன் பண்ணி நீங்கள் போய்விட்டதாகச் சொன்னபோதுகூடத் திடமாகப் பேசி வைத்தவள், முட்டை வாசனைக்கு அழுதேன். பாவம், அந்தப் பெண் பயந்துபோய் டப்பாவை மூடிவிட்டாள். சாப்பிடு அம்மா, உன்னால் ஒன்றுமில்லை என்று சொல்வதற்குள் மைன்ஸ் வந்துவிட்டது.

ட்ரியர் போன அன்று நீங்கள் கொண்டுவந்த முட்டைதான் காரணம். என் புளியோதரைக்குத் தீட்டுப் படக்கூடாது என்று பெஞ்சின் மறுகோடியில் போய், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டீர்களே. கன்னியர் மடத்தில் இரண்டு வருடம் இருந்து, அது சரிப்படாது என்று வெளியே வந்து, வேதியியல் படித்து, ஆராய்ச்சிக்காக டார்ம்ஸ்டாட் வரை வந்த நீங்கள், ஒரு தாராசுரத்துச் சைவப் பெண்ணின் சோற்று டப்பாவுக்கு அப்படிப் பயந்தீர்கள். அன்றைக்கு அதைப் பார்த்துச் சிரிக்கிற நிலையில் நான் இல்லை.

எழுபதாம் வருடத்தின் தொடக்கம். இவருக்கு உங்கள் பல்கலைக்கழகத்திலேயே இயந்திரவியல் துறையில் ஆராய்ச்சி. கல்யாணமாகி நான் வந்த அடுத்த வருடமே எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. பெண் என்று மட்டும் சொன்னார்கள். அப்போது இங்கே அதுதான் வழக்கம்: தாய்க்குக் காட்டமாட்டார்கள், எங்கே அடக்கம் செய்தார்கள் என்றும் சொல்லமாட்டார்கள். மறந்துவிடுவது நல்லது என்று எல்லோரும் நம்பினார்கள். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் இவர் நான் பின்னி வைத்திருந்த கம்பளிச் சட்டைகளையெல்லாம் கண்ணில் படாமல் எடுத்துவிட்டார். பார்க்க வந்த நம் ஆட்கள், "சின்ன வயசுதானே, அடுத்தது நல்லபடியா பொறக்கும்" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்தார்கள். ஊரிலிருந்து வந்த கடிதங்களிலும் அது நடந்தது, அது போகட்டும் என்று எங்கும் ‘அது’தான். நான் யாருக்கும் பதில் சொல்லவில்லை. அழவும் இல்லை. ஊருக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். திரும்பி வரும் எண்ணம் எனக்கு இல்லை என்று இவருக்கும் புரிந்திருந்தது. டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்யத் தொடங்கியிருந்தார்.

நீங்களும் மற்றவர்களைப் போலச் சுற்றி வளைத்துத்தான் பேசினீர்கள், அக்கா. எதற்கெடுத்தாலும் "சவம்" என்பது உங்கள் ஊர்ப் பேச்சு. குடை விரியாவிட்டால் சவம், சோதனை சரியாக வராவிட்டால் சவம். எங்கள் வீட்டு வாசலை மிதித்தால் அந்தச் சொல் உங்கள் வாயில் பாதியிலேயே நின்றுவிடும். "சவ..." என்று தொடங்கி, இருமி, விழுங்கிவிடுவீர்கள். உங்களைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும்.

அப்படி ஒரு நாள் வந்தவர்தான் சமையலறையில் நின்றுகொண்டு சொன்னீர்கள்: "ஏட்டி, ஊருக்குப் போறதுன்னா போ. அதுக்கு முன்னாடி எனக்கு ஒரே ஒரு நாள் தா. ட்ரியர்னு ஒரு ஊரு. ரோமாபுரிக்காரன் கட்டின கோட்டை வாசல், குளியல் மண்டபம், விளையாட்டு அரங்கம் எல்லாம் இடிஞ்சு கெடக்காம். இந்த ஊர்ல பழசுன்னு ஒரு கல்லு இல்லன்னு நீதான சொல்லுவ?"

சொன்னது உண்மைதான். டார்ம்ஸ்டாட் முழுக்கப் போரில் எரிந்து, மறுபடி கட்டின ஊர். தேர்ச்சக்கரம் செதுக்கின கோயில் மண்டபத்தில் ஓடிப் பிடித்து விளையாடி வளர்ந்தவளுக்கு எங்கே பார்த்தாலும் புதுச் சுண்ணாம்புச் சுவர். வந்த புதிதில் அதைச் சொல்லிப் புலம்பியிருக்கிறேன். ஆனால் அப்போது எனக்குக் கல்லும் வேண்டாம், கோட்டையும் வேண்டாம். நீங்கள் எந்த நாளைச் சொன்னாலும் அதற்கு ஒரு முட்டுக்கட்டை போட்டேன். செவ்வாய்க்கிழமை பயணம் ஆகாது என்றேன். ஞாயிறு உங்களுக்குப் பூசை என்றேன். சனிக்கிழமை பொதுப் படிக்கட்டைக் கழுவ எங்கள் முறை, வீட்டுக்காரம்மாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள் என்றேன். நீங்கள் வெள்ளிக்கிழமை மாலையே வந்து, பாவாடையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு, படிக்கட்டை நீங்களே தேய்த்துக் கழுவிவிட்டுப் போனீர்கள். கடைசி ஆயுதமாக ராகுகாலத்தை எடுத்தேன். "ராகுவுக்கு இந்த நாட்டுக்கு விசா கெடச்சிருச்சா?" என்று கேட்டீர்கள். வேறு வழியில்லாமல் சரி என்றேன்.

அப்புறம் நூலகத்திலிருந்து படப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தீர்கள். இவர் ரயில் அட்டவணையை மேஜையில் விரித்தார். இருவருமாக உட்கார்ந்து, எதற்குப் பின் எதைப் பார்ப்பது என்று திட்டம் போட்டீர்கள். பத்து மணி ரயில் போதும், நிதானமாக மதியத்துக்கு மேல் சுற்றிப் பார்க்கலாம் என்று பேச்சு ஓடியது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த நான் என்னையறியாமல் சொன்னேன்: "பத்து மணி ரயில்ல போனா ஒண்ணும் பாக்க முடியாது. பன்னண்டு மணிக்கு நடை சாத்திடுவாங்க."

எங்கள் பக்கத்தில் பழைய கல் கட்டிடம் என்றாலே கோயில். கோயில் என்றால் உச்சிக்காலம் முடிந்து நடை சாத்துவார்கள். ரோமாபுரிக்காரர்களுக்கும் அது தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். இவர் சிரிக்க வாயைத் திறந்தார். நீங்கள் அவரை ஒரு பார்வை பார்த்தீர்கள். "அப்ப விடியக்கால மொத ரயிலு. பழைய கல்லுன்னா இவ ஊர்க்காரங்களத்தான கேக்கணும்" என்று சொல்லி, போட்ட திட்டத்தை அடித்துவிட்டு மறுபடி தொடங்கினீர்கள்.

இவருக்கு அன்று ஆய்வகத்தில் வேலை. நாம் இரண்டு பேர்தான் போனோம். மோசெல் ஆற்றங்கரையில் ரயில் போகும்போது திராட்சைத் தோட்டங்களில் இன்னும் இலை விட்டிருக்கவில்லை. நீங்கள் பேசிக்கொண்டே வந்தீர்கள், நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ட்ரியரில் இறங்கியதும் ஒரே ஓட்டம். கருத்துப்போன அந்தக் கோட்டை வாசலின் அடியில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று நான் ஒரு கணம் நின்றது நினைவிருக்கிறதா? "நடந்து வாட்டி, சாமி இல்ல, காவக்காரன்தான் இருந்தான்" என்று கையைப் பிடித்து இழுத்தீர்கள். குளியல் மண்டபத்தில் இடிந்த வளைவுகளை அண்ணாந்து பார்த்து, "குளிக்கதுக்கா இம்புட்டும்? எங்க ஊர்ல கடல வச்சிட்டுப் பேசாம இருக்கோம்" என்றீர்கள். "எங்க ஊர்ப் பக்கம் மகாமகக் குளம் இருக்கு" என்று நான் விட்டுக்கொடுக்காமல் சொன்னேன். நீங்கள் பேச்சை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தீர்கள்.

அரங்கத்தையும் பார்த்து முடித்தபோது நடுப்பகல்கூட ஆகவில்லை. ஒருவரும் ஒன்றையும் சாத்தவில்லை. வாசலில் சீட்டுக் கிழித்தவரிடம் நான்தான் எனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டேன். சாயங்காலம் வரை திறந்திருக்கும் என்றார். நமக்கோ திரும்புகிற ரயில் மாலையில். பெஞ்சில் உட்கார்ந்து நான் புளியோதரையையும் நீங்கள் முட்டையையும் தின்று முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எதிரே அருங்காட்சியகம். நான் அதை நோக்கி நடந்தேன். நீங்கள் வரமாட்டேன் என்று நின்றீர்கள்.

"அது வேண்டாம்ட்டி. ஸ்டேஷன்ல போய் உக்காருவோம்."

"ஏங்க்கா? மழை கொட்டுது."

"உள்ள ஒண்ணும் இருக்காது. ஒடஞ்ச பானை."

அன்று முழுவதும் என்னை இழுத்துக்கொண்டு திரிந்தவர் இப்போது மறிக்கிறாரே என்று எனக்கு வீம்பு வந்தது. நான் பாட்டுக்கு உள்ளே போய்விட்டேன். நீங்கள் பின்னாலேயே வந்து, பானைகள் பக்கமாகவே என்னைத் திருப்பிக்கொண்டு போனீர்கள். கல்லறைக் கற்கள் இருந்த கூடத்துக்கு நான் தவறிப்போய்த்தான் நுழைந்தேன். திராட்சை வியாபாரிகள், வாடகை வசூலிப்பவர்கள், தலை வாரிக்கொள்கிற சீமாட்டி என்று பெரிய பெரிய கற்கள். அவற்றுக்கு நடுவே என் இடுப்பளவு ஒரு சின்னக் கல். அதில் ஒரு குழந்தை கையில் ஒரு பறவையை அணைத்துக்கொண்டு நின்றது. கீழே இரண்டு மூன்று வரி எழுத்து.

மடத்தில் லத்தீன் படித்தவர் நீங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

"யாரோ வியாபாரி" என்றீர்கள், என் கண்ணைப் பார்க்காமல்.

"பொய் சொல்லாதீங்கக்கா. படிங்க."

நீங்கள் குனிந்து படித்தீர்கள். மிகவும் இனிய மகளுக்கு அவளைப் பெற்றவர்கள் வைத்தது, அவ்வளவுதான் இருக்கிறது என்றீர்கள்.

"பேர் என்ன?"

"பேரு இருந்த எடம் ஒடஞ்சி போச்சுட்டி."

கல்லின் கீழ் மூலை சில்லாகப் போயிருந்தது. அந்த இடத்தை நான் விரலால் தொட்டுப் பார்த்தேன். தொடக்கூடாது என்று அங்கே எழுதித்தான் இருந்தது.

"என் பொண்ணுக்கு நான் பேர் வச்சிருந்தேங்க்கா. யார்கிட்டயும் சொல்லல."

"என்கிட்ட சொல்லு."

"குமுதா."

அப்போது வந்தது அழுகை. நம் ஊரில் இழவு வீட்டில் அழுவதுபோல, தலைமுடி அவிழ, வாய்விட்டு, அந்தக் கூடமே அதிர அழுதேன். என்னோடு நீங்களும் கல்தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். வயதான காவலர் ஒருவர் ஓடிவந்தார். நான் கல்லைத் தொட்டதற்குத்தான் கத்தப்போகிறார் என்று நினைத்தேன். நீங்கள் அவரிடம் ஜெர்மனில் சொன்னீர்கள்: "இவளுடைய மகள் இறந்துவிட்டாள்." அக்கா, அந்த மூன்று மாதத்தில் அதை அப்படியே, முழு வாக்கியமாக, என் காதுபட யாரும் சொன்னதில்லை. அந்தக் கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். பிறகு போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

திரும்பும் ரயிலில்தான் நீங்கள் உண்மையைச் சொன்னீர்கள். படப் புத்தகத்தில் அந்தச் சின்னக் கல்லைப் பார்த்துவிட்டு, அருங்காட்சியகத்தைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிட்டீர்களாம். எல்லாம் மாலை வரை திறந்திருக்கும் என்பதும் அதே புத்தகத்தில் போட்டிருந்ததாம்.

"தெரிஞ்சுமா முதல் ரயிலுக்கு எழுப்பினீங்க?"

"மூணு மாசத்துல மொத மொதல்ல நீ ஒரு யோசனை சொன்ன. அதுக்குப் போயி நான் மறுத்துப் பேசுவனா?"

அப்புறம் மிச்சமிருந்த புளியோதரையை எனக்குத் தருவதற்காக டப்பாவைத் திறக்கப் பார்த்தீர்கள். மூடி வரவில்லை. "சவம், தொறக்க மாட்டேங்கு" என்றீர்கள். சொன்ன வேகத்தில் கையால் வாயைப் பொத்திக்கொண்டீர்கள். நான் சிரித்தேன். உங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்துச் சீட்டுக்காரர்கள் நம்மை ஒரு மாதிரிப் பார்த்தார்கள், அழுது வீங்கின முகத்தோடு இரண்டு பெண்கள் இப்படிச் சிரித்தால் பார்க்கத்தான் செய்வார்கள்.

ஸ்டேஷனில் இவர் காத்துக்கொண்டு நின்றார். நான் அவரிடம் குழந்தையின் பெயரைச் சொன்னேன். அவர் பிளாட்பாரத்திலேயே கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு அழுதார். அந்த மனிதர் அழ இடமில்லாமல் அத்தனை நாள் இருந்திருக்கிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. டிக்கெட் பேச்சு அதன் பிறகு எழவில்லை.

அப்புறம் எனக்கு இரண்டு பையன்கள் பிறந்தார்கள். நீங்கள் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பி, கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தீர்கள். கடிதம் என்றாலும் போன் என்றாலும் கடைசியில் உங்கள் கேள்வி ஒன்றே: "மூணு பிள்ளைகளையும் நான் கேட்டதா சொல்லு." ஆத்துமாக்கள் திருநாளுக்கு அவளுக்காகவும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவதாகச் சொல்வீர்கள். ஒரு சைவக் குழந்தைக்கு உங்கள் கல்லறைத் தோட்டத்தில் என்ன வேலை என்று நான் கிண்டல் செய்வேன். சென்ற வருடம் நினைவு தடுமாறி, இவர் இறந்ததையே மறந்துபோய் இவரைப் பற்றி விசாரித்தீர்கள். ஆனால் "குமுதாவுக்கு இப்ப அம்பது தாண்டியிருக்கும்லா?" என்று கேட்டீர்கள். ஆமாம் அக்கா என்றேன்.

பையன்களிடம் நாங்கள் இதைச் சொன்னதே இல்லை. முதலில் சின்னப் பிள்ளைகள் என்று விட்டோம், பிறகு சொல்லும் வேளை வரவில்லை. நீங்களும் போன பிறகுதான் எனக்குத் திக்கென்றது. நானும் கண்ணை மூடிவிட்டால், அந்தக் கல்லில் உடைந்துபோன மூலையைப் போல அந்தப் பெயரும் போய்விடுமே.

மைன்ஸிலிருந்து வீட்டுக்கு வந்ததும் பெரியவனுக்குப் போன் பண்ணினேன். அவன் மியூனிக்கில் இருக்கிறான், உங்களுக்குத் தெரியும். தம்பியை அதட்டுவதற்கும் எனக்கு மாத்திரை நேரம் சொல்வதற்கும் ‘நான்தானே மூத்தவன்’ என்று தொடங்குகிற பிள்ளை. இன்றும் அப்படித்தான் ஆரம்பித்தான்.

"நீ மூத்தவன் இல்லடா" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டான்.

"அப்போ நான் ரெண்டாவதாம்மா?"

"ஆமாண்டா."

"அக்கா பேரு என்னன்னு இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன். அவன் மெல்ல, தமிழ் பாதி மறந்துபோன அந்த நாக்கால், ஒரு முறை தானே சொல்லிப் பார்த்தான். உங்களுக்குப் பிறகு இன்னொருவர் வாயிலிருந்து அவள் பெயரைக் கேட்டேன், அக்கா.